ரொட்டியும் நெத்திலிச் சம்பலும்

அடுக்களைக்கும் எனக்கும் பகை இருந்ததில்லை, பழக்கமும் இருந்ததில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்ற நான், அடுப்பின் முன் நின்றது தேநீர் வைப்பதற்கு மட்டுமே. அதிலும் சில வேளை பால் பொங்கி வழிந்து இல்லாளின் ஏச்சுக்கு ஆளானதுண்டு. இத்தகைய ஒருவன் ஐம்பத்தைந்து வயதில் நெத்திலிச் சம்பல் கிண்டக் கற்றுக்கொண்ட கதையை எழுதப் புகுந்தால், கட்டுரைத் தொகுப்புக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். கல்வியைப் பற்றியும் மொழியைப் பற்றியும் மேடைதோறும் பேசியாயிற்று. இது நான் மாணவனாக இருந்த கதை.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் என் மனைவி, மூத்த மகளின் பேறுகாலத்திற்காக ஜொகூர் பாரு சென்றிருந்தார். வீட்டில் நானும் என் அன்னையாரும் மட்டுமே. அம்மாவுக்கு வயது எண்பத்து நான்கு. அதற்கு முந்திய மாதம் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர், காய்ச்சல் விட்ட பிறகும் உணவில் நாட்டம் கொள்ளவில்லை. கஞ்சி வைத்தால் இரண்டு கரண்டி. இட்டிலி வாங்கி வந்தால் அரை. "வாய் செத்துப் போச்சு" என்பார். மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டு, விரும்புவது எதுவாயினும் கொஞ்சம் சாப்பிடட்டும் என்று சொல்லி அனுப்பினார். என்ன வேண்டும் என்று நாள்தோறும் கேட்டேன். நான்காம் நாள் காலையில், "ரொட்டியில நெத்திலிச் சம்பல் தடவிக் குடேன்" என்றார்.

அம்மா ஒன்றை விரும்பிக் கேட்டுவிட்டார் என்ற மகிழ்ச்சியில் பேரங்காடிக்கு விரைந்து, கண்ணாடிப் போத்தலில் அடைத்து விற்கும் சம்பலை வாங்கி வந்தேன். ரொட்டியில் தடவிக் கொடுத்தேன். ஒரு வாய் கடித்தார். தட்டை மெல்ல ஒதுக்கினார்.

"இனிப்பு முன்னால வருது தம்பி. சம்பலுக்கு உப்புதான் முதல்ல வரணும். அப்புறம் உறைப்பு. இனிப்பு கடைசியில, போனாப் போகுதுன்னு வரணும்."

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று வாக்கியத்துக்கு வரிசை சொல்லிக் கொடுத்து வந்தவன் நான். சுவைக்கும் அப்படியொரு வரிசை உண்டென்று அன்றுதான் கேட்டேன்.

நாங்கள் வளர்ந்தது பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டமொன்றில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுபவர்கள். பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்துவிட்டு, நிரைக்குள் நுழைந்தால் வெட்டி முடிக்கப் பத்து மணியாகும். பால் வடிந்து மங்கில் நிறையும் இடைவேளையில்தான் பசியாறுவார்கள். அவ்வேளைக்கு அம்மா கட்டிக் கொண்டுபோவது, வாழையிலையில் சுற்றிய ரொட்டியும் அதன் நடுவே நெத்திலிச் சம்பலும். சோறு என்றால் குழம்பு வேண்டும், கை கழுவத் தண்ணீர் வேண்டும். பால் பிசுக்கு ஒட்டிய கையால் இலையோடு பிடித்துச் சாப்பிட ரொட்டிதான் தோது. சம்பல் உலர்ந்த பண்டமாதலால் நண்பகல் வரை கெடாது.

நெத்திலி வாங்குவது சம்பள நாளில். "சம்பளம் வந்தால் சம்பல் வரும்" என்று லயத்துப் பிள்ளைகள் நாங்கள் பாடிக்கொண்டு ஓடுவோம். லகர ளகர வேறுபாட்டை நான் முதன்முதலில் அறிந்தது வாசகப் புத்தகத்தில் அன்று, அந்தப் பாட்டில்தான். மாலையில் ரொட்டிக்காரர் மிதிவண்டியில் மணியடித்துக்கொண்டு வருவார். அவர் தமிழ் முஸ்லிம் பெரியவர். பின்னிருக்கைப் பெட்டியைத் திறந்தால் எழும் மணத்திற்கே நாய்கள்கூட வாலாட்டும். 'ரொட்டி பெங்காலி' என்று வடக்கே வழங்கும் ரொட்டிக்கும் வங்காளத்துக்கும் தொடர்பில்லை, 'பங்காளி' என்ற நம் சொல்தான் திரிந்து அப்படி ஆயிற்று என்று பினாங்கில் சொல்வோர் உண்டு. ரொட்டிச்சாலையில் பங்கு வைத்திருந்த தொழிலாளரைக் குறித்த சொல்லாம் அது. சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ள நண்பர்கள் இதைத் துருவிப் பார்க்கலாம்.

அம்மா சம்பல் தடவும் முறையைச் சொல்ல வேண்டும். கரண்டியின் அடிப்பாகத்தால் ரொட்டியின் ஓரம் வரை ஒரே சீராகத் தடவுவார். ஓரத்தில் ஒரு விரற்கடை வெள்ளையாக விட்டாலும், அந்த வாய் வறட்டு வாயாகப் போகும் என்பார். நாலு மணிக்கு எழுந்து மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அவர் அப்படித் தடவிக்கொண்டிருந்ததைப் பாயில் படுத்தபடி எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

1989ஆம் ஆண்டு எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அத்தகைய படிப்புக்குப் போனவர் எனக்கு முன் எவருமில்லை. புறப்படும் நாளில் அம்மா ஒரு ஹார்லிக்ஸ் போத்தல் நிறையச் சம்பல் கிண்டி, மூடிக்கு அடியில் வாழையிலைத் துண்டு வைத்து இறுக்கி, பழைய துண்டில் சுற்றிப் பையில் வைத்தார். எங்கள் வீட்டில் அன்று ஹார்லிக்ஸ் போத்தல் என்பது ஒரு சொத்து. அது நான் குழந்தையாக நோயுற்றபோது வாங்கியதாம். அன்று முதல் சீனி வைக்கும் போத்தல் அதுவே.

மாணவர் விடுதியில் முதல்நாள் இரவு போத்தலைத் திறந்தேன். பிளாச்சானின் மணம் அறை முழுவதும் பரவிற்று. வாயிலில் நின்ற மூத்த மாணவர் ஒருவர், அவரும் தமிழர்தாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தோட்டத்து வாடையை இங்கேயும் தூக்கிக்கிட்டு வந்துட்டியா?" என்றார். சுற்றியிருந்தவர் சிரித்தனர். போத்தலை மூடி அலமாரியின் அடித்தட்டில், காலணிகளுக்குப் பின்னால் தள்ளினேன். ஒரு வாரம் கழித்து, எல்லாரும் உறங்கிய பின் எடுத்து, கழுவிய கரண்டியின் ஈரம் துடையாமல் உள்ளே விட்டு இரண்டு வாய் தின்றுவிட்டு மீண்டும் ஒளித்தேன். அடுத்த முறை திறந்தபோது வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. போத்தலோடு கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். அன்றைக்கே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். சம்பல் மிக நன்றாக இருந்தது என்றும், நண்பர்கள் எல்லாம் விரும்பிச் சாப்பிட்டார்கள் என்றும் எழுதினேன்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தம்பி படித்துக் காட்டியிருக்கிறான். மாத இறுதியில் நான் வீட்டுக்குப் போனபோது, கிராணியார் வீட்டில் கேட்டு வாங்கிய வேறொரு போத்தலில் சம்பல் ஆயத்தமாக இருந்தது. "பழைய போத்தல் எங்கே?" என்றார். "உடைஞ்சு போச்சும்மா" என்றேன்.

இரண்டாம் போத்தலை நான் ஒளிக்கும் முன்பே என் அறைத் தோழர் கண்டுவிட்டார். அவர் மலாய் இளைஞர். திறந்து முகர்ந்தார், கேட்காமலே தம் ரொட்டியில் தடவித் தின்றார், இது யார் வீட்டுச் சம்பல் என்று மலாயில் கேட்டார். என் அம்மா செய்தது என்றேன். தம் அன்னையின் சம்பலில் இந்த இலையும் இந்த மணமும் இல்லையே என்றார். கறிவேப்பிலையையும் சோம்பையும்தான் அவர் சொன்னார். அன்று மாலைக்குள் பக்கத்து அறையிலிருந்தும் ரொட்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். வாடை என்று நான் ஒளித்து வைத்தது, இந்நாட்டில் யார் வீட்டு அடுக்களையிலும் நாள்தோறும் எழும் மணம் என்பது பத்தொன்பது வயதில் எனக்குத் தெரியாமற் போயிற்று. பயிற்சிக் காலம் முடியும்வரை மாதந்தோறும் அம்மா சம்பல் கொடுத்தனுப்பினார். கடிதத்தில் நான் எழுதிய பொய் இரண்டாம் மாதத்திலிருந்து மெய்யாகிவிட்டது. ஆனாலும் முதற் போத்தல் முதற் போத்தல்தான்.

இப்போது அடுப்படிக்கு வருகிறேன்.

கடைச் சம்பலை ஒதுக்கிய அன்றே, நானே கிண்டுவது என்று முடிவு செய்தேன். அம்மா படுக்கையிலிருந்து பொருள்களைச் சொல்லச் சொல்ல, மாணவனைப்போல் எழுதிக்கொண்டேன். நெத்திலி 200 கிராம். காய்ந்த மிளகாய் நாற்பது. பெரிய வெங்காயம் ஆறு. பூண்டு எட்டுப் பல். பிளாச்சான் விரல்நுனி அளவு இரண்டு துண்டு. எலுமிச்சை அளவு புளி. குலா மலாக்கா பாதி வட்டு. சோம்பு, கறிவேப்பிலை, ஒரு குவளை எண்ணெய். உப்பைச் சொல்லவில்லையே என்றேன். "நெத்திலிதான் உப்பு" என்றார். அது உண்மை. நெத்திலியைக் கடலிலிருந்து எடுத்தவுடன் படகிலேயே உப்புநீரில் அவித்து, பிறகு கரையில் வெயிலில் உலர்த்துவார்கள். பங்கோர்த் தீவுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது உலர்களங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும், அந்த உப்பு எங்கே போகும் என்று நான் எண்ணியதில்லை.

முதல் முயற்சி பாழாயிற்று. மிளகாய் விழுது எண்ணெயில் விழுந்த சற்று நேரத்திலேயே, எல்லாம் சேரத்தானே போகிறது என்று எண்ணி, குலா மலாக்காவையும் சீவிப் போட்டேன். அறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "வெல்லத்தைப் போட்டுட்டியா? அடிப்பிடிக்குது பாரு!" பார்த்தேன். குவாலியின் அடியில் கருங்களிபோல் ஒட்டியிருந்தது. அம்மாவுக்கு இரு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது, மூக்கு மங்கவில்லை.

மறுநாள் பிரம்பு நாற்காலியை அடுக்களை வாயிலில் போடச் சொல்லி அமர்ந்துகொண்டார். நான் அடுப்பைப் பார்த்து நின்றேன். அவர் என் முதுகைப் பார்த்து அமர்ந்திருந்தார். நெத்திலியின் தலையையும் குடலையும் கிள்ளி, விரைவாக அலசி, துணியில் துடைத்துப் பொரித்தேன். நெளிந்தால் போதாது, அள்ளிப் போட்டால் கலகலவென்று சொல்ல வேண்டும் என்றார். பொரித்ததில் பாதியை இடிகல்லில் ஒன்றிரண்டாக இடிக்கச் சொன்னார். சோற்றுக்கு என்றால் முழு நெத்திலி. ரொட்டிக்கு என்றால் இடித்தது கலந்தால்தான் தடவ வரும். மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து விதை உதிர்த்து அரைத்தேன். அம்மியில் அரைத்தால் விழுதில் நீர் குறைவாக இருக்கும்; மின் அரைவையில் நீர் ஊற்றாமல் மிளகாய் சுற்றாது. அந்த நீரைப் போக்குவதற்கு அடுப்பில் கூடுதலாக நிற்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று நாம் வாங்கும் பொறி, மிச்சப்படுத்திய நேரத்தை வேறோரிடத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

அதே எண்ணெயில் சோம்பும் கறிவேப்பிலையும் வெடித்தபின், அரைத்த வெங்காயமும் பூண்டும் சேர்த்தேன். பொன்னிறமானதும் சுட்ட பிளாச்சானும் மிளகாய் விழுதும். இங்கேதான் பாடம் தொடங்கிற்று.

"கண்ணால பாக்காதே தம்பி. காதைக் குடு" என்றார்.

விழுது விழுந்தவுடன் குவாலியில் தகர கூரைமேல் மழை அடிப்பதுபோல் ஓசை எழுந்தது. விழுதிலுள்ள நீர் கொதித்து ஆவியாகும் ஓசை அது. நீர் இருக்கும்வரை விழுதின் சூடு 100 பாகைக்கு மேல் அதிகம் ஏறாது; ஏறாதவரை பச்சை வாடை போகாது, நிறமும் மாறாது. நீர் வற்றிய பிறகே சூடு உயர்ந்து, வெங்காயத்தின் இனிப்பும் புரதமும் கூடிப் பழுப்பாகி மணக்கத் தொடங்கும். இவ்வினையைப் பற்றி மயார் என்ற பிரெஞ்சு வேதியியலார் 1912இல் எழுதினார் என்று அறிவியல் ஆசிரியர்கள் அறிவர். அம்மா மயாரை அறியார். "மழை தூறலாச்சு... இப்ப தீயைக் குறை... இன்னும் ரெண்டு சொட்டு விழுது..." என்று நாற்காலியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். முக்கால் மணிநேரம் ஆயிற்று. பின் ஓசை அடங்கிற்று.

"இப்பப் பாரு. எண்ணெய் மேல வந்திருக்கும்."

வந்திருந்தது. செந்நிற எண்ணெய் விழுதைச் சுற்றிக் கண்ணாடிபோல் பிரிந்து நின்றது. இந்நிலையை மலாயில் 'பெச்சா மின்யா' என்பார்கள், எண்ணெய் உடைதல் என்று பொருள். நாம் பிரிதல் என்கிறோம்.

அதன் பிறகுதான் புளிக்கரைசல். அது வற்றிய பிறகுதான் குலா மலாக்கா. தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் அந்த வெல்லம் கரைந்ததும் குவாலியில் இருந்தவை எல்லாம் ஒரு மினுமினுப்பைப் பெற்றன. மேலைநாட்டார் உப்பிட்டுப் புகையூட்டிய பன்றியிறைச்சியை, வெங்காயம், பழுப்புச் சர்க்கரை, காடி ஆகியவற்றோடு நெடுநேரம் கிளறி, ரொட்டியில் தடவும் பண்டமாக ஆக்குகின்றனர். அங்கே இறைச்சி, இங்கே நெத்திலி. அங்கே காடி, இங்கே புளி. சம்பலை இத்தனை சிவப்பாக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததுதான்.

இடித்த நெத்திலியைக் கொட்டியபின், சிறுதீயில் இன்னும் கால்மணி நேரம் கிண்ட வேண்டும் என்றார். திரும்பிப் பார்க்க வழியில்லை; கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். அந்தக் கால்மணி நேரத்தில்தான் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்பது நினைவில்லை. விடுதி அலமாரியையும், அந்த மூத்த மாணவர் சொன்ன சொல்லையும், பூஞ்சையையும், குப்பைத் தொட்டியையும் குவாலியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் சொல்லாதிருந்ததைச் சொல்ல மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

பின்னால் ஓசையே இல்லை. உறங்கிவிட்டாரோ என்று எண்ணினேன்.

"போத்தல் உடைஞ்சு போச்சுன்னு சொன்னே" என்றார். "உடைஞ்சா, மூடியாச்சும் இருக்குமே. மூடி எங்கேன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பா வேணாம்னு கண்ணக் காட்டினாரு."

ஹார்லிக்ஸ் போத்தலின் மூடி. தோட்டத்து வீட்டில் எதுவும் முழுதாகத் தொலைவதில்லை. போத்தல் போனால் மூடி விளக்குத் திரிக்கு ஆகும், உப்பு வைக்க ஆகும். அதை மறந்து பொய் சொல்லியிருக்கிறேன். அப்பா இறந்து பதினாறு ஆண்டுகள் ஆயின. அவருக்கும் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"தெரிஞ்சும் ஏம்மா அடுத்த மாசமும் செஞ்சு குடுத்தீங்க?"

"ஒரு தடவை வீசினவன் ரெண்டாவது தடவையும் வீசுவானா? கையை நிறுத்தாதே. கிண்டு."

கிண்டினேன். கண் எரிந்தது, மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

கிண்டி முடித்த சம்பலை அன்றே தொடவிடவில்லை. ஆறி, ஓர் இரவு கிடந்தால்தான் புளியும் உறைப்பும் ஒன்றை ஒன்று பிடிக்கும் என்றார். போத்தலைக் கழுவி, வெயிலில் வைத்து, துணியால் உட்புறம் துடைத்து, ஈரம் இல்லை என்று இருமுறை பார்த்தபின் நிரப்பினேன். மூடிக்கடியில் வாழையிலை வைக்க, பக்கத்து வீட்டாரிடம் ஓர் இலைத்துண்டு கேட்டு வாங்கி வந்தேன். இந்தக் காலத்து மூடிக்கு அது தேவையில்லைதான்.

மறுநாள் காலை ரொட்டியை இலேசாக வாட்டி, சம்பல் தடவி, தட்டில் வைத்துக் கொடுத்தேன். அம்மா கையில் எடுத்தார். கடிக்குமுன் ரொட்டியின் விளிம்பில் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார். தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"ஓரத்துல ஒண்ணுமே இல்லையே தம்பி" என்றார்.

கரண்டியை எடுத்து வந்து, ஓரம் வரை தடவினேன். இரண்டு துண்டு சாப்பிட்டார்.